பெயர் போடாத செய்தி

என் தட்டச்சு மேசையின் மேல் ஒரு பிடி மண்ணை வைத்துவிட்டு, மோந்து பார்க்கச் சொன்னார் நிருபர். பாலிதீன் பையில் முடிந்து கொண்டுவந்த மண். அப்போதுதான் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து முடித்திருந்தேன். மேசையெல்லாம் சேறாகிவிடுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் குனிந்து மோந்தேன். குட்டையில் கால் வைத்தால் கிளம்புமே, அந்த வாடை. "ஏரில பாதித் தண்ணிதான் கீது சிஸ்டர். இது கரைக்கு வெளிப்பக்கத்து மண்ணு. மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார். அதன் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கிய பிறகும் அந்த ஆண்டு நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் குழப்பம் தீரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆவடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படியின் அடியில் நான் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். மனு, பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம், சில நேரம் யாராவது கல்லூரி மாணவரின் ப்ராஜெக்ட். என் கணவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பையன் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

நிருபர் என் வயதுக்காரர்தான். நகரத்தில் வெளிவரும் ஓர் ஆங்கில நாளிதழுக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரச் செய்திகளை எழுதி அனுப்புகிறவர். அது முழுநேர வேலை இல்லை. ஏரிக்குக் கீழே இருந்த பழைய கிராமத்தில் விவசாயக் குடும்பம். விடிந்ததும் அப்பாவோடு வயலுக்குப் போவார், பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார், சாயங்காலம் என் கடைக்கு வந்து கையால் எழுதியதைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொல்வார். அதை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் சென்ட்ரலுக்குப் போய் நேரிலேயே அலுவலகத்தில் கொடுப்பார். பேச்சில் இன்னா, கீதுதான். பேனாவைத் திறந்தால் வெள்ளைக்காரன் தோற்றான். எங்கள் குவார்ட்டர்ஸில் பேப்பர்காரர் வந்திருக்கிறார் என்று யாராவது சொன்னால், பெண்கள் பழைய பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். அவரும் சளைக்காமல், எடைக்கல் கொண்டுவரவில்லையே என்று வருத்தப்படுவார்.

அவருடைய செய்திகளை நான் தட்டச்சு செய்ததோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் நம் கையில் அடித்தது அச்சில் எப்படி வருகிறது என்று பார்க்க ஓர் ஆசை. நிலையத்துக் கடையில் பேப்பரை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பேன். அவர் எழுதும் ஆங்கிலத்தில் 'மஸ்ட்' நிறைய வரும். சாலை போட்டே ஆக வேண்டும், சாக்கடையை மூடியே தீர வேண்டும் என்று ஒரே மஸ்ட் மழை. மறுநாள் பார்த்தால் அந்த மஸ்ட்டைக் காணோம். அந்த இடத்தில் 'மே' என்றோ 'லைக்லி' என்றோ ஏதாவது ஒன்று பம்மிக்கொண்டிருக்கும். போட்டாலும் போடலாம், மூடினாலும் மூடலாம் என்கிற மாதிரி. ஊர்க்காரன் வயிற்றெரிச்சல் அச்சுக்குப் போனதும் வானிலை அறிக்கையாக ஆகிவிடும். அவருடைய ஆங்கிலம் தப்பு என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்களோ என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். ஆங்கிலம் தப்பில்லையாம். பத்திரிகை தன் வாயால் 'மஸ்ட்' சொல்லாதாம். அதை யாராவது ஓர் ஆள் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் இருக்க வேண்டும், தொழில் இருக்க வேண்டும், நாளைக்குத் தேடிப் போனால் நான்தான் சொன்னேன் என்று நிற்க வேண்டும். பெயர் கொடுக்காதவர் சொன்னது எவ்வளவு உண்மையானாலும் அதற்குக் கிடைப்பது 'மே'தான். "பேர் குடுத்தா மஸ்ட்டு, இல்லாங்காட்டி மே. அவ்ளோதான் சிஸ்டர் இங்கிலீஷ் பேப்பரு" என்றார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் 'பொதுமக்கள் கோரிக்கை' என்று ஒரு வரி போட்டு ஊரையே பேச வைத்துவிடலாம். ஆங்கிலப் பத்திரிகைக்கு ஊர் போதாது, ஓர் ஆள் வேண்டும். ஒன்று நடந்தே ஆக வேண்டுமா, நடந்தாலும் நடக்கலாமா என்பது அந்த விஷயத்தைப் பொறுத்தது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். சொல்கிற ஆளின் தைரியத்தைப் பொறுத்தது என்று அவர் சொன்னதும், அது நியாயமா அநியாயமா என்றே எனக்குப் பிடிபடவில்லை.

அந்த ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. குவார்ட்டர்ஸில் வாயைத் திறக்க மாட்டார்கள். அரசாங்க ஊழியர் அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேசக் கூடாது என்பது விதி. பக்கத்து பிளாக்கில் ஒருத்தர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பத்திரிகைக்கு எழுதிப் போட்டு, அது பெயரோடு வந்து, மகள் கல்யாணம் நெருங்குகிற சமயத்தில் வடக்கே மாற்றலில் போனதாகச் சொல்வார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கதை தெரியாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. கிராமத்துக்காரர்களோ நமக்கெதற்கு வம்பு என்று நழுவிவிடுவார்கள். கடைசியில் நிருபருக்கு வாய்த்தது நிலையத்துக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரர். அவருக்குப் பெயர் அச்சில் வருவதில் அப்படி ஒரு மோகம். கொசு மருந்து அடிக்க வேண்டும் என்பார், கூடுதல் ரயில் விட வேண்டும் என்பார், மகளிர் கழிப்பறை கட்ட வேண்டும் என்றும் அவரே சொன்னார். ஒருநாள் நகர அலுவலகத்தில் யாரோ விழித்துக்கொண்டு, உங்கள் ஊரில் இந்த ஒரு மனிதருக்குத்தான் எல்லாம் தேவைப்படுகிறதா என்று நிருபரைக் கேட்டார்களாம். அதோடு சைக்கிள் கடைக்காரரின் வாய்க்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. அவர் சில நாள் என்னிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த நிலைமையில்தான் நிருபர் அந்த மண்ணைக் கொண்டுவந்தார். ஏரியின் பெயர் வேண்டாம்; அந்த வட்டாரத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. கரைக்கு நேர் கீழேதான் அவருடைய வீடு. வெளிச்சரிவில் கசிவு ஆரம்பித்திருந்ததை அவர் தினமும் வயலுக்குப் போகும்போது பார்த்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மழைக்கு முன் கரையை வெட்டி அடைக்காவிட்டால் முதலில் போவது அவர் வீடும் அப்பாவின் நிலமும்தான். ஆனால் செய்தி எழுதுகிறவர் தன்னையே சாட்சியாகப் போட்டுக்கொள்ள முடியாது. அப்பாவைப் போட்டால் சொந்த விவகாரத்துக்குப் பத்திரிகையைப் பயன்படுத்தினார் என்று வரும். மற்ற விவசாயிகள் சொன்னால் 'அஞ்சுகிறார்கள்' என்று போடுவார்களே தவிர மஸ்ட் வராது. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெயர் எதுவும் இல்லாமல் அவர் எழுதியதை நான்தான் அடித்தேன். உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது, கரை பலவீனமாக இருந்தாலும் இருக்கலாம் என்று. 'மே'வுக்கெல்லாம் எவனும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வர மாட்டான் என்று நிருபர் நொந்துகொண்டார். கட்டுமானம் தெரிந்த ஒருவர் கரையைப் பார்த்து, பெயர் கொடுத்துச் சொன்னால்தான் அச்சில் பலம் வரும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்த உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கணவர் அதிகம் பேசாதவர். சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டால் பார்க்கலாம் என்பார், தீபாவளிக்கு ஊருக்குப் போகலாமா என்று கேட்டாலும் பார்க்கலாம்தான். அவர் கொடுத்த பார்க்கலாம்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வீடே கட்டியிருக்கலாம் என்று நான் கேலி செய்வேன். நிருபர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு சைக்கிளில் ஏரிக்குப் போனார். பார்த்து யோசனை சொல்வதற்கு மட்டும்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மதியம் இரண்டு பேரும் திரும்பி வந்தபோது கணவரின் வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. கரைக்குள் கம்பியைச் செருகினால் தடையே இல்லாமல் போகிறது என்றும், உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். நிருபர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே இவர் சொன்னார்: "எம் பேரப் போட்டுக்கிடுங்க சார். என்ன ஆயிரும் இப்பம்?"

என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், மாற்றல் வரும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருக்கும். நிருபர் போன பிறகு நான் அதையெல்லாம் சொன்னேன். கணவர் சட்டையை உதறி மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கரை போனால் முதலில் போகிறது அந்த ஆள் வீடுதான், கண்ணால் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பெருமையாகவும் இருந்தது. கல்யாணமானதிலிருந்து ஒரு விஷயத்தில்கூட இப்படி அடித்துப் பேசாத மனிதர், வேலை போகிற விஷயத்திலா வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் நிருபர் செய்தியை எழுதிக்கொண்டு வந்தார். அதில் என் கணவரின் பெயர் இனிஷியலோடு இருந்தது. கரையை மழைக்கு முன் பலப்படுத்தியே ஆக வேண்டும் என்று அவர் சொன்னதாக, அப்பட்டமான மஸ்ட். நான் அடித்தேன். வழக்கமாக அடித்து முடித்ததும் தாளை மேலே உருட்டி, இயந்திரத்தில் இருக்கும்போதே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் உருவுவேன். அன்று உருவி நேராகக் கையில் கொடுத்துவிட்டேன். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

செய்தி வந்தது. பெயர் இல்லை. கரை பலவீனமடையலாம் என்று அந்தப் பகுதியினர் கருதுவதாக, மறுபடியும் அதே மே. வேலை முடிந்து வந்த கணவர் கையில் பேப்பர் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று இன்னொரு முறை படித்தார். நம்ம பேருக்கெல்லாம் அங்கே என்ன மதிப்பு, இன்ஜினீயர் சொன்னால் போடுவான், சூப்பர்வைசர் சொன்னால் வெட்டிவிடுவான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் மனசு புண்பட்டிருந்தது. எனக்கோ அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கே பிடிக்கவில்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அந்த ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பெய்தது, பிறகு விடாமல் பெய்தது. ஒருநாள் முற்பகலில் கரை உடைந்தது. பகல் வேளை என்பதால் ஆட்கள் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. நிருபரின் வீட்டுச் சுவர்கள் மூன்று விழுந்தன. கட்டியிருந்த இரண்டு மாடுகளை அவிழ்க்க நேரமில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஏரி வாரிக்கொண்டுவந்த மணல் அவர்களுடைய நிலத்தில் இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. இனி அதில் நெல் போட முடியாது என்று அவருடைய அப்பா பார்த்த உடனே சொல்லிவிட்டாராம்.

கிராமத்துக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு, பழைய புடவைகளை எடுத்துக்கொண்டு போனேன். நிருபர் ஒரு வகுப்பறை வாசலில், கைலியும் யாரோ கொடுத்த சட்டையுமாக நின்றிருந்தார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் பெயரை வெட்டாமல் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று அவர்களைத் திட்டினேன்.

"ஆபீஸ்ல வெட்டல சிஸ்டர்" என்றார். "ரயில்லயே நான்தான் வெட்டிட்டேன்."

ஏன் என்று கேட்டேனா, நினைவில்லை. அவரே சொன்னார். "எப்பவும் ஒரு தபா படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பீங்க. அன்னிக்குப் படிக்கல, அப்டியே உருவிக் குடுத்துட்டீங்க. உங்களால படிக்க முடியலன்னு எனக்குத் தோணிச்சு. என் ஊட்டுக்குப் பதிலா உங்க ஊட்டக் கேக்கறதுக்கு மனசு வரல." இன்னொன்றும் சொன்னார். "அண்ணாத்த கிட்ட சொல்ல வாணாம். இந்த ஊர்ல பயப்படாம பேர் குடுத்தவரு அவர் ஒருத்தர்தான். கேட்டா நொந்துடுவாரு."

அடுத்த வாரம் பெரிய மனிதர் ஒருவர் உடைப்பைப் பார்வையிட வந்தார். கரையைப் போர்க்கால வேகத்தில் பலப்படுத்தியே ஆக வேண்டும் என்று சொன்னார். செய்தியை எழுதியவர் நிருபர், தட்டச்சு செய்தவள் நான். பெயரும் பதவியும் இருந்ததால் நகர அலுவலகம் அந்த மஸ்ட்டைத் தொடவில்லை, புகைப்படத்தோடு வந்தது. கரையும் கல் பதித்து உறுதியாகக் கட்டப்பட்டது. நிருபர் அதற்குப் பிறகு அதிகம் எழுதவில்லை. மணல் ஏறிய நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டு, பாடியில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் சேர்ந்தார். முதலில் சில மாதங்கள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கடைக்கு வந்து போனார். பிறகு கம்ப்யூட்டர் வந்து என் கடையையே மூடிவிட்டேன். இப்போது எங்கே இருக்கிறாரோ.

அன்று நான் ஏன் அந்தத் தாளைப் படிக்கவில்லை? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பயந்துதான் படிக்கவில்லை என்று சில நாள் தோன்றும். பையனைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன், சீக்கிரம் போக வேண்டும் என்ற அவசரம், அவ்வளவுதான் என்று சில நாள் தோன்றும். என் முகத்தில் அவர் என்னத்தைப் பார்த்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெயரைப் போட்டிருந்தாலும் அந்தச் சில வாரத்தில் எந்த அலுவலகம் ஆள் அனுப்பியிருக்கும் என்றும் கேட்டுக்கொள்வேன். ஒருவேளை கரையும் உடைந்து எங்கள் வேலையும் போயிருக்கும். அல்லது வீடு, மாடு, நிலம் எல்லாம் பிழைத்திருக்கும், எங்களுக்கும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கும். யாரைக் கேட்பது? நன்றி சொல்ல வேண்டிய மனிதர் மேல் எனக்குச் சில சமயம் கோபம்கூட வருகிறது. என்னைக் கேட்காமல் எனக்காக முடிவு செய்தாரே என்று.

கணவர் முழு சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றார். அந்தப் பணத்தில் பருத்திப்பட்டில் இந்த வீட்டைக் கட்டினோம். பையன் இங்கிருந்துதான் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வேலைக்குப் போனான். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, வேறு ஏதோ மாவட்டத்தில் ஏரி உடைந்த செய்தியைப் படித்துவிட்டுக் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்தப் பேச்சை வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுக்காமல் இருக்க மாட்டார்.

"அன்னைக்கு எம் பேரப் போட்டிருந்தாம்னா கரையக் கட்டிருப்பான். அந்தாளு வீடு நின்னுருக்கும்" என்றார்.

வெளியே நல்ல மழை. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுருக்கலாம்" என்றேன்.